முதலாண்டுத் தாவரவியல் ஆய்வகம்: ஒழுங்குகளும் எதிர்பார்ப்புகளும்

பி.எஸ்சி. தாவரவியலில் சேர்ந்தவுடன் கையில் ஒரு பட்டியல் கிடைக்கும்: வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு, அப்சர்வேஷன் நோட்டு, பிளேடு, ஊசி, தூரிகை. ஆய்வகச் சுவரில் இன்னொரு பட்டியல் ஒட்டியிருக்கும்: இதைத் தொடாதே, அதைக் கொட்டாதே, இங்கே சாப்பிடாதே. இரண்டையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு விதி எதற்காக வந்தது என்று புரிந்துகொண்டவர்தான் ஆசிரியர் அறையில் இல்லாத நேரத்திலும் அதைக் கடைப்பிடிப்பார். அந்தக் காரணங்களைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

எல்லா விதிகளுக்கும் அடிப்படை ஒன்று. உங்கள் மேசைமேல் இருக்கும் செடி காட்டியதை, காட்டியபடியே நீங்கள் பதிய வேண்டும். சூரியகாந்தித் தண்டின் உள்ளமைப்பு பாடநூலில் இருக்கிறது, ஆசிரியருக்கும் தெரியும். இன்று நீங்கள் வெட்டிய இந்தத் தண்டில் என்ன இருக்கிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டு சொல்லும் பொறுப்பு உங்களுடையது. பிளேடு கூராக இருக்க வேண்டும், லென்ஸில் விரல் படக்கூடாது, பென்சிலில்தான் வரைய வேண்டும் என்பவை எல்லாம் இந்தப் பொறுப்பிலிருந்து வந்தவையே.

1. வகுப்புக்கு வரும் முன்

அன்றைக்கு என்ன பயிற்சி என்று முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குரிய பாடப்பகுதியை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரியாத கண்ணுக்கு நுண்ணோக்கியில் வெறும் வட்டங்களே தெரியும். பயிற்சியின் தலைப்பையும் தேதியையும் அப்சர்வேஷன் நோட்டில் வீட்டிலேயே எழுதிவிட்டால் வகுப்பு நேரம் முழுவதும் செடிக்குக் கிடைக்கும்.

செடி கொண்டுவரச் சொன்னால் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். செம்பருத்தி என்றால் ஒற்றைச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். மால்வேசி குடும்பத்தின் அடையாளமான மகரந்தத்தாள் குழலை அதில் ஒழுங்காகக் காண முடியாது. சூரியகாந்தித் தண்டு என்றால் இளந்தண்டு. முற்றிய தண்டில் இரண்டாம் நிலை வளர்ச்சி தொடங்கியிருக்கும். தனித்தனி வாஸ்குலார் கற்றைகளுக்குப் பதிலாக இடைவிடாத சைலம் வளையம் தெரியும். பூவை மொட்டு, மலர், காய் மூன்றும் உள்ள கிளையாக எடுத்து, ஈரத்துணியில் சுற்றிப் பாலித்தீன் பையில் கொண்டுவாருங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: எச்.பி. பென்சில் இரண்டு, அழிப்பான், ஸ்கேல், புதிய பிளேடுகள், பிடியுள்ள ஊசி இரண்டு, மெல்லிய தூரிகை, இடுக்கி, கைலென்ஸ், வடிதாள், பழைய பருத்தித் துணி. பக்கத்து மேசையில் கடன் கேட்கும் ஒவ்வொரு முறையும் இருவருடைய நேரம் போகிறது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை கேட்கின்றன. செய்முறை வகுப்பில் அந்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். தவறிய விரிவுரையை நண்பரின் குறிப்பிலிருந்து படித்துக்கொள்ளலாம். தவறிய செக்‌ஷனை (நுண்ணோக்கியில் பார்க்க வெட்டும் மெல்லிய சீவலை) உங்கள் கைதான் எடுத்துப் பழக வேண்டும். வர முடியாமல் போனால், அந்த வாரத்திலேயே ஆசிரியரைக் கேட்டு, அடுத்த பிரிவினரின் வகுப்பில் அமர்ந்து பயிற்சியை முடித்துவிடுங்கள். பருவக் கடைசியில் செடியும் கிடைக்காது, ஸ்லைடும் கிடைக்காது.

2. உடையும் மேசையும்

பருத்திக் கோட்டு, விரலை மூடிய செருப்பு அல்லது ஷூ, பின்னிக் கட்டிய தலைமுடி. துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் கோட்டுக்குள் சேர்த்துச் செருகுங்கள். சாராய விளக்கின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மேசைமேல் நோட்டு, பெட்டி, அன்றைய செடி தவிர வேறு எதுவும் வேண்டாம். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, கைபேசி எல்லாம் அலமாரியில் இருக்கட்டும். செடியையும் ஸ்டெயினையும் தொட்ட கை கைபேசிக்குப் போய், அங்கிருந்து முகத்துக்குப் போகும்.

பார்த்தீனியம் போன்ற செடிகள் ஒவ்வாதவர்கள், இளைப்பு உள்ளவர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நிறத்தை விட்டு, சுவரின் தடிப்பையும் செல்லின் வடிவத்தையும் வைத்துத் திசுக்களை அடையாளம் காணக் கற்றுத்தர முடியும். அப்படிக் கற்றவருக்கு அந்த அறிவு எந்த ஸ்டெயினிலும் உதவும்.

3. செக்‌ஷன் எடுத்தல்

முதல் பருவத்தில் அதிகம் சோர்வு தருவது இதுதான். பழகிவிட்டால் அதிகம் மகிழ்ச்சி தருவதும் இதுதான். 1665-இல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’வில் ராபர்ட் ஹூக் தக்கையின் செல்களை வரைந்து காட்டினார். நுண்ணோக்கி வைத்திருந்தது மட்டும் அதற்குப் போதவில்லை. நன்றாகத் தீட்டிய பேனாக்கத்தியால் மிக மெல்லிய சீவல் எடுத்ததால்தான் ஒளி ஊடுருவி அறைகள் தெரிந்தன. இன்றும் அதே நிலைதான். செக்‌ஷன் தடித்தால், எத்தனை விலையுள்ள நுண்ணோக்கியும் இருட்டையே காட்டும்.

செய்முறை இது. தண்டை இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கி, மேல்முனையை ஒரே வெட்டில் சமப்படுத்துங்கள். இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நேராகப் பிடியுங்கள். வெட்டப்படும் முனையைவிடப் பெருவிரல் தாழ்ந்து இருக்கட்டும். முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்கட்டும். பிளேடையும் தண்டின் முனையையும் நீரில் நனைத்துக்கொண்டு, பிளேடைக் கிடையாக வைத்து, உங்களை நோக்கி ஒரே இழுப்பில் இழுங்கள். அறுப்பதுபோல் முன்னும் பின்னும் போனால் செல்கள் கிழியும். இலை, மெல்லிய வேர் போன்றவற்றை நேராகப் பிடிக்க முடியாது. அவற்றைக் கேரட் துண்டிலோ பப்பாளி இலைக்காம்பிலோ பிளந்து செருகி, அதோடு சேர்த்து வெட்டுங்கள்.

இருபது செக்‌ஷனாவது எடுத்து, வாட்ச் கிளாஸ் தண்ணீரில் தூரிகையால் மெதுவாக இறக்குங்கள். அவற்றில் நீரில் மிதந்து, ஏறக்குறைய நிறமின்றி ஒளி ஊடுருவித் தெரிபவற்றைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கநிலையில் பலரும் முழு வட்டமாக வந்த தடித்த செக்‌ஷனை விரும்புவார்கள். மெல்லியதாக வந்த கால்வட்டம் அதைவிட எவ்வளவோ மேல். புறத்தோல் முதல் பித் வரை அதில் இருந்தால் போதும்.

பிறகு சாஃப்ரனின் ஸ்டெயினில் ஓரிரு நிமிடம். லிக்னின் ஏறிய சைலமும் ஸ்கிளீரன்கைமாவும் சிவப்பாகும். மிகுதி நிறம் போகும்வரை நீரில் அலசி, ஸ்லைடின் நடுவில் ஒரு துளி கிளிசரினில் வைத்து, கவர்ஸ்லிப்பைச் சாய்வாக ஒரு விளிம்பில் ஊன்றி, ஊசியால் தாங்கி மெதுவாக இறக்குங்கள். பட்டென்று போட்டால் காற்றுக்குமிழ் சிக்கும். தடித்த கறுப்பு விளிம்போடு மிகக் கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழ். அதைச் செல் என்று வரைபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

வெட்டுக்காயம் பட்டால் மறைக்காதீர்கள். ஓடும் நீரில் கழுவி, அழுத்திப் பிடித்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். பயன்படுத்திய பிளேடும் உடைந்த கவர்ஸ்லிப்பும் அவற்றுக்கென வைத்த டப்பாவில்தான் போக வேண்டும். குப்பைக் கூடையில் போட்ட பிளேடு மறுநாள் கூட்டிப் பெருக்குபவரின் கையைக் கிழிக்கும்.

4. நுண்ணோக்கி

ஒரு கை நுண்ணோக்கியின் கையைப் பிடிக்க, மறு கை அடிப்பாகத்தைத் தாங்க, நேராக நிமிர்த்தி எடுத்துச் செல்லுங்கள். எப்போதும் குறைந்த திறனில் தொடங்குங்கள். பொருளருகு லென்ஸை இறக்கும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்து இறக்குங்கள். கண்ணருகு லென்ஸ் வழியே பார்க்கும்போது மேலே ஏற்றி மட்டுமே குவியம் தேடுங்கள். 40x அல்லது 45x லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடும் உடையும், லென்ஸும் கீறும். அதிகத் திறனில் நுண்திருகு மட்டும்.

10x கண்ணருகு லென்ஸும் 45x பொருளருகு லென்ஸும் சேர்ந்தால் 450 மடங்கு. ஆனால் உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப்பரப்பு சுருங்கும், வெளிச்சமும் குறையும். எனவே முழு அமைப்பைக் குறைந்த திறனில் பார்த்து முடித்து, குறிப்பிட்ட கற்றையை நடுவில் கொண்டுவந்த பிறகே திறனைக் கூட்டுங்கள். பிம்பம் தலைகீழானது, ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் காட்சி வலப்பக்கம் ஓடும். ஒரு வாரத்தில் கை இதற்குப் பழகிவிடும்.

லென்ஸை அதற்குரிய தாளால் மட்டும் துடையுங்கள். கைக்குட்டையும் கோட்டின் நுனியும் கீறல் போடும். கிளிசரினோ அமிலமோ லென்ஸில் பட்டுவிட்டால் உடனே சொல்லுங்கள். பல கல்லூரிகளில் ஒரே நுண்ணோக்கியைக் காலையில் ஒரு வகுப்பும் மாலையில் ஒரு வகுப்பும் பயன்படுத்துகின்றன. நீங்கள் சொல்லாமல் விட்ட அழுக்கு, அடுத்து அமர்பவரின் ஸ்லைடைக் குற்றவாளியாக்கும்.

5. படம் வரைதல்

ஆய்வகப் படம் ஒரு சாட்சியம். அழகு அதற்கு இரண்டாம் பட்சம். கண் லென்ஸிலும் கை தாளிலுமாக, செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டே வரையுங்கள். முதலில் திசுக்களின் எல்லைகளை மட்டும் காட்டும் வெளிக்கோட்டுப் படம். பிறகு ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் செல்களோடு விரிவான படம். பென்சிலைக் கூராக்கி, ஒரே கோடாக இழுங்கள். தேய்த்து நிழல் போட வேண்டாம். அடர்த்தி காட்ட வேண்டிய இடத்தில் புள்ளிகள் போதும். லிக்னின் ஏறிய சுவர்களைத் தடிப்பாக, பாரன்கைமாவை மெல்லியதாகக் காட்டுங்கள்.

பெயர்க்கோடுகள் ஸ்கேலால் இழுத்தவையாக, ஒன்றையொன்று வெட்டாமல், படத்தின் வலப்பக்கம் ஒரே வரிசையில் முடியட்டும். படத்தின் கீழே செடியின் பெயர், உறுப்பு, குறுக்குவெட்டா நீள்வெட்டா என்பது, உருப்பெருக்கம், தேதி ஆகியவை கட்டாயம். தாவரவியல் பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினப் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்து, சிற்றினப் பெயர் முழுதும் சிறிய எழுத்து, இரண்டுக்கும் தனித்தனியே அடிக்கோடு. 1753-இல் லின்னேயஸ் நிலைப்படுத்திய இருபெயர் முறை, எந்த நாட்டு மாணவரும் நீங்கள் பார்த்த அதே செடியை அடையாளம் காண வழி செய்கிறது.

தேதியும் இடமும் சடங்குக்காகக் கேட்கப்படுபவை அல்ல. கோயம்புத்தூரில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியத்தில் நூறாண்டுக்கு முந்தைய உலர்செடித் தாள்களை இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கே, எப்போது, யார் பறித்தது என்ற சிறு சீட்டு அவற்றில் இருப்பதால்தான் அவை பயன்படுகின்றன. சீட்டில்லாத செடி வெறும் காய்ந்த தழை.

6. பூவைப் பிரித்தல்

பறிப்பதற்கு முன்பே பூ செடியில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தாயச்சு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சங்குப்பூ இதற்கு நல்ல பாடம். அந்தப் பூ தலைகீழாகத் திரும்பி மலர்வதால், அவரைக் குடும்பத்தில் வழக்கமாக மேலே நிற்கும் பெரிய கொடி இதழ் அதில் கீழ்ப்புறம் விரிந்திருக்கும். பறித்து மேசைமேல் போட்டுவிட்டால் இந்தச் செய்தி தொலைந்துபோகும்.

வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்: புறப்புல்லி இருந்தால் அது, பிறகு புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம். ஒவ்வொரு வட்டத்தையும் எண்ணி, இணைந்தவையா தனித்தவையா என்று ஊசியால் பிரித்துப் பார்த்து எழுதுங்கள். இதழமைவைப் பார்க்க மலர்ந்த பூ உதவாது. மொட்டின் குறுக்குவெட்டு வேண்டும். செம்பருத்தியின் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகளும் அச்சு சூல் ஒட்டுமுறையும் கைலென்ஸிலேயே தெரியும். பூச்சூத்திரத்தை எல்லாம் பார்த்து முடித்த பிறகு எழுதுங்கள். சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டால் கண் அதற்கு ஏற்றதையே தேடும்.

வெளிக்களப் பயணத்தில் தேவைக்கு மேல் பறிக்க வேண்டாம். ஓரிடத்தில் ஒரே ஒரு செடி நின்றால் படம் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுங்கள். தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். அனுமதியின்றி அங்கே எதையும் பறிக்கக்கூடாது.

7. வேதிப்பொருளும் நச்சுச்செடியும்

அமிலத்தை நீரில் ஊற்றுங்கள்; அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். கிளம்பும் வெப்பத்தில் அமிலம் முகத்தில் தெறிக்கும். இலையின் பச்சையத்தை நீக்க ஆல்கஹாலைச் சூடாக்கும்போது வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்க வேண்டும். எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன் ஆவி சுடரை எட்டினால் பற்றிக்கொள்ளும். நிறமிகளைத் தாளில் பிரிக்கப் பயன்படும் அசிட்டோனும் பெட்ரோலியம் ஈதரும் இன்னும் எளிதில் பற்றுபவை. அவை திறந்திருக்கும் அறையில் எந்த விளக்கும் எரியக்கூடாது.

பதப்படுத்திய செடிகள் பெரும்பாலும் ஃபார்மலின் கலந்த கரைசலில் இருக்கும். ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இடுக்கியால் எடுத்து, நீரில் நன்கு அலசி, சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். எது கண்ணில் பட்டாலும் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அதன்பின் மருத்துவரிடம் செல்லுங்கள்.

செடிகளையும் இதே கவனத்தோடு கையாள வேண்டும். ஊமத்தையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். எருக்கம்பால் கண்ணைப் புண்ணாக்கும். அரளி முழுதும் நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் இருக்கிறது, உயிரைப் பறிக்கக்கூடியது. இவை எல்லாம் ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரியாக, மேசைக்கு வரும் செடிகளே. எதையும் சுவைத்துப் பார்க்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடாதீர்கள்.

8. ரெக்கார்டின் நேர்மை

அப்சர்வேஷன் நோட்டு வகுப்பில் எழுதப்படுவது. அடித்தல் திருத்தலோடு இருக்கலாம். ரெக்கார்டு அதிலிருந்து தெளிவாக எடுத்து எழுதப்படுவது. மூத்த மாணவரின் ரெக்கார்டைக் கண்ணாடிமேல் வைத்து நகலெடுப்பது விரைவாக முடியும் வேலை. அதில் அவருடைய தவறும் சேர்ந்தே வரும். உங்கள் செடி காட்டியது வராது. முற்றிய தண்டை வெட்டியதால் சைலம் வளையமாகத் தெரிந்தால், வளையமாகவே வரைந்து, ‘தண்டு முற்றியது’ என்று ஒரு வரி எழுதுங்கள். நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.

வெங்காய வேர்நுனியில் குரோமோசோம் எண்ணும் பயிற்சி வரும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வெங்காயத்தின் உடல்செல்லில் 16 குரோமோசோம்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஸ்லைடில் 14 மட்டும் பிரித்தறிய முடிந்தால் 14 என்று எழுதி, சில ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்ததையும் குறிப்பிடுங்கள். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், செல்லியல் அறிஞர் டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகைகளை ஒரே நூலாகத் தொகுத்தார். அத்தகைய நூலின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் யாரோ ஒருவர் ஸ்லைடைப் பார்த்து எண்ணியிருக்கிறார். தெரிந்த விடையை எழுதிவைப்பவரால் அப்படி ஒரு நூலுக்கு ஓர் எண்ணைக்கூடத் தர முடியாது.

இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியில் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம், அளவீடுகளைப் பகிரலாம். முடிவையும் விளக்கத்தையும் அவரவர் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். செக்‌ஷன் நன்றாக வருபவரே எப்போதும் வெட்டுவதும், மற்றவர் எழுதுவதும் கூடாது. முறை மாறுங்கள், தேர்வு மேசையில் துணைவர் இருக்கமாட்டார்.

9. செய்முறைத் தேர்வு

ஒவ்வொரு பயிற்சிக்கும் அந்தந்த வாரமே ஆசிரியரின் கையொப்பம் வாங்குங்கள். சான்றொப்பமிட்ட ரெக்கார்டு இல்லாமல் தேர்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். தேர்வில் செக்‌ஷன் எடுத்துக் காட்டி, காரணங்களோடு திசுவை அடையாளம் சொல்ல வேண்டும். ‘இருவிதையிலைத் தண்டு’ என்ற பெயருக்கு மட்டும் முழு மதிப்பெண் இல்லை; கற்றைகள் வளையமாக அமைந்தது, கேம்பியம் இருப்பது போன்ற காரணங்களை உங்கள் ஸ்லைடிலேயே காட்ட வேண்டும். ஸ்பாட்டரில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். முதலில் பெயர், அடுத்து இரண்டு காரணம், நேரம் இருந்தால் படம். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று சொல்லுங்கள்.

10. ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் முன்

• நுண்ணோக்கியைக் குறைந்த திறனுக்கு மாற்றி, ஸ்லைடை எடுத்து, உறை போட்டாயிற்றா?
• ஸ்லைடு, வாட்ச் கிளாஸ் கழுவி, துடைத்து, இடத்தில் வைத்தாயிற்றா?
• பிளேடும் உடைந்த கண்ணாடியும் தனி டப்பாவில் போயிற்றா?
• தழைக்கழிவு தொட்டியில் போகாமல் கூடையில் போயிற்றா?
• பாட்டில்கள் மூடி, பெயர்ச்சீட்டு தெரியும்படி அடுக்கியாயிற்றா?
• குழாய், விளக்கு, மின்விசிறி அணைத்தாயிற்றா?
• கை கழுவியாயிற்றா?

இந்த வேலைகளை ஆய்வக உதவியாளருக்கு விட்டுவைக்காதீர்கள். அவர் அடுத்த வகுப்புக்கான செடிகளையும் கரைசல்களையும் தயார் செய்ய வேண்டியவர்.

முதலாண்டு முடியும்போது உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது இவ்வளவே: எந்தத் தண்டைக் கொடுத்தாலும் ஒளி ஊடுருவும் ஒரு செக்‌ஷன் எடுக்க வேண்டும், நுண்ணோக்கியைப் பிறர் உதவியின்றிக் கையாள வேண்டும், முன்பின் பார்த்திராத பூவைப் பிரித்து அதன் குடும்பத்தைக் காரணத்தோடு சொல்ல வேண்டும், உங்கள் ரெக்கார்டைப் பார்த்து வேறொருவர் அதே பயிற்சியைச் செய்துபார்க்க முடிய வேண்டும். இந்த நான்கும் கைவந்தவர் இரண்டாமாண்டின் எந்தத் தாளுக்கும் தயாராக இருப்பார்.